மறைந்துபோன ஒரு கன்னியர் மடம்

லிவிவ் நகர ஆர்மீனியக் கன்னியரின் வரலாறு

ஜூபிலி மலர் என்றால் கட்டி முடித்தவற்றைப் பற்றியே எழுதுவது வழக்கம். கோவில் எழுந்த ஆண்டு, கெபி அமைத்த ஆண்டு, மணிக்கூண்டு உயர்ந்த ஆண்டு என்று பட்டியல் நீளும். அது நன்றியின் அடையாளம், வேண்டியதுதான். ஆனால் திருச்சபையின் வரலாற்றில் எழுந்தவை மட்டும் இல்லை; மறைந்தவையும் உண்டு. மறைந்ததை அறிந்தவனுக்கே இருப்பதன் அருமை தெரியும். ஆகவே, பங்கு மக்கள் அதிகம் கேள்விப்பட்டிராத ஒரு கன்னியர் மடத்தின் வரலாற்றை இம்மலரில் எழுத விழைந்தேன். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் விளக்கணையாமல் இருந்த மடம் அது. இன்று அது இல்லை.

யார் இந்த ஆர்மீனியர்?

சென்னைக்குச் சென்றவர்கள் பாரிமுனையை அடுத்த ஆர்மீனியன் தெருவை அறிவார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் புனித அந்தோனியாரைத் தேடி மக்கள் திரளும் மரியன்னை இணைப் பேராலயம் அத்தெருவில்தான் உள்ளது. அதே தெருவில் ஆர்மீனியரின் பழைய கோவிலும் இருக்கிறது. பாரசீக நாட்டிலிருந்து வாணிபத்திற்காக வந்த ஆர்மீனியர் அங்கே குடியிருந்ததால் தெருவுக்கு அப்பெயர் வந்தது. அவர்களில் ஒருவரான பெத்ருஸ் உஸ்கான் என்ற வணிகர் 1726ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் பாலம் கட்டினார். பரங்கிமலையில் புனித தோமையாரின் கோவிலுக்கு ஏறும் கற்படிகளை அமைத்தவரும் அவரே. மலையேறிச் செபிக்கும் நம் மக்கள் ஒவ்வொரு படியிலும் ஓர் ஆர்மீனியரின் தருமத்தின் மேல் கால் வைக்கிறார்கள் எனலாம்.

ஆர்மீனியர் உலகின் மிகப் பழைய கிறிஸ்தவ மக்களுள் ஒருவர். கி.பி. 301ல் அவர்களுடைய அரசன் திரிதாத் ஞானஸ்நானம் பெற, நாடே கிறிஸ்துவை ஏற்றது என்பது அவர்களது மரபு. அம்மரபின்படி, அரசனுக்கு மறையறிவித்தவர் ஒளியேற்றுநர் எனப்படும் புனித கிரகோரியார். ஆனால் அவருக்கும் முன்பே அந்த மண்ணில் இரத்தம் சிந்தியவர்கள் பெண்கள்! உரோமையிலிருந்து தப்பி வந்த கன்னியர் குழு ஒன்று அங்கே அடைக்கலம் புகுந்தது. அதன் தலைவி கயானே. அவரோடு இருந்த ஹிரிப்சிமே என்ற கன்னிகையை அரசன் மணக்க விரும்பினான். அவர் கிறிஸ்துவுக்கே தம்மை அர்ப்பணித்தவர் என்று மறுத்தார். அதற்காக அவரும் கயானேயும் தோழியரும் கொலையுண்டனர். 618ல் ஹிரிப்சிமேயின் கல்லறை மேலும், 630ல் கயானேயின் கல்லறை மேலும் எழுந்த கற்கோவில்கள் எச்மியாட்சின் நகரில் இன்றும் நிற்கின்றன. ஆக, ஆர்மீனிய மக்களின் விசுவாச வரலாறு கன்னியரோடு தொடங்குகிறது. நாம் பார்க்கப்போகும் மடமும் அந்தப் பழைய வேரிலிருந்து கிளைத்ததே.

தாயகத்தை விட்டு

1064ல் செல்ஜூக் துருக்கியர் ஆர்மீனியரின் தலைநகராக விளங்கிய ஆனி நகரைக் கைப்பற்றினர். அதன்பின் தலைமுறை தலைமுறையாக மக்கள் ஊரை விட்டுப் புறப்பட்டனர். ஒரு பகுதியினர் கருங்கடலைச் சுற்றிக் கிரிமியாவுக்கு வந்து, அங்கிருந்து வடமேற்கே நடந்து லிவிவ் நகரை அடைந்தனர். இன்று உக்ரைன் நாட்டில் உள்ள இந்நகரைப் போலந்து மக்கள் ல்வூவ் என்றும், ஜெர்மானியர் லெம்பெர்க் என்றும் அழைத்தனர். கீழை நாடுகளின் பட்டும் மிளகும் ஐரோப்பாவுக்குள் நுழையும் வழி அது. வாணிபத்தில் வல்லவரான ஆர்மீனியர் அங்கே செழித்தனர்.

1356ல் போலந்து மன்னர் மூன்றாம் கசிமிர் அந்நகருக்கு உரிமைச் சாசனம் வழங்கியபோது, ஆர்மீனியர் தங்கள் சொந்தச் சட்டப்படி வாழலாம் என்று ஒப்புக்கொண்டார். 1363ல் அவர்கள் பேராலயம் கட்டத் தொடங்கினார்கள். 1367ல் அங்கே ஆர்மீனிய ஆயர் தங்கவும் மன்னர் இசைவளித்தார்.

ஒரு வியப்பான செய்தி. கிரிமியாவில் வாழ்ந்த காலத்தில் இம்மக்கள் கிப்சாக் என்ற துருக்கிய மொழியைப் பேசக் கற்றுக்கொண்டனர். லிவிவில் வீட்டிலும் கடையிலும் நீதிமன்றத்திலும் அதையே பேசினர். ஆனால் எழுதியது ஆர்மீனிய எழுத்தில்! புனித மெஸ்ரோப் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதாகமத்திற்காக வகுத்துத் தந்த எழுத்து அது. பேச்சு மாறியது, எழுத்தை விடவில்லை. 1616ல் லிவிவில் ஆர்மீனிய அச்சுக்கூடத்தில் சங்கீதப் புத்தகம் வெளிவந்தது. இரண்டே ஆண்டுகளில் கிப்சாக் மொழியில் செபப் புத்தகமும் வெளிவந்தது.

கசப்போடு தொடங்கிய ஒன்றிப்பு

நிற்க. இம்மக்கள் கத்தோலிக்கரானது எப்படி? அந்த வரலாற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1627ல் மிக்கோவாய் தொரோசோவிச் என்ற இளைஞர் லிவிவ் ஆர்மீனியருக்கு ஆயரானார். அப்போது அவருக்கு வயது இருபதைச் சற்றே தாண்டியிருந்தது. மக்களில் பெரும்பாலோர் அவரை விரும்பவில்லை. 1630ல் அவர் உரோமைப் பாப்பிறையோடு ஒன்றித்தார். அவர் மனச்சான்றின்படி செய்தாரா, தம் இருக்கையைக் காக்கச் செய்தாரா என்பது இறைவனுக்கே தெரியும். ஆனால் மக்களை ஆயத்தப்படுத்தாமல், அரச அதிகாரத்தின் துணையோடு அது நடந்தது. பேராலயத்தின் திறவுகோலுக்காக வழக்குகள் நடந்தன. சொந்தக் கோவிலின் வாசலில் மக்கள் அழுது நின்ற காலம் அது. சிலர் ஊரையே விட்டுப் போயினர். தொரோசோவிச் 1681ல் இறக்கும்வரை புண் முழுதும் ஆறவில்லை.

புண்ணை ஆற்றியவை இரண்டு. ஒன்று கல்வி. 1664ல் தெயாத்தீனார் சபைக் குருக்கள் உரோமையிலிருந்து வந்து ஆர்மீனிய இளைஞருக்காகக் கல்லூரி தொடங்கினர். 1668ல் அக்கல்லூரி மாணவர்கள் ஒரு நாடகம் நடித்தனர். கதை என்ன தெரியுமா? புனித ஹிரிப்சிமேயின் வேதசாட்சியம்! ஆர்மீனிய மொழியில் மேடையேறியதாக அறியப்பட்ட பழைய நாடகங்களில் அது ஒன்று. பிளவுபட்டிருந்த மக்களின் முன் இருதரப்பாருக்கும் பொதுவான ஒரு கன்னிகையின் கதையை வைத்தது நல்ல எண்ணமே.

மற்றொன்று ஒரு நல்ல மேய்ப்பர். தொரோசோவிச்சுக்குப் பின் வந்த பேராயர் வர்தான் ஹுனானியான், துருக்கியில் உள்ள தொக்காத் நகரத்தில் பிறந்த ஆர்மீனியர்; உரோமையில் படித்தவர். 1715 வரை மந்தையை வழிநடத்தினார். வாதத்தால் வெல்வதை விட வாழ்வால் கட்டியெழுப்புவதை அவர் விரும்பினார். அவருடைய காலத்தில்தான் நம் கதையின் மடம் உருப்பெற்றது.

மடம் எழுந்தது

பேராலயத்தின் நிழலிலேயே பக்தியுள்ள ஆர்மீனியப் பெண்கள் சிலர் மணம் முடிக்காமல் செபத்திலும் தருமத்திலும் வாழ்ந்துவந்தனர். அவர்களுக்கு எழுதப்பட்ட ஒழுங்கு எதுவும் இருக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், பேராயர் ஹுனானியானின் ஆதரவில், அவர்கள் மேலைத் திருச்சபையின் துறவறத் தந்தையான புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கை ஏற்றனர். ரீத்தில் ஆர்மீனியர், ஒழுங்கில் ஆசீர்வாதப்பரின் மக்கள். கீழைத் திருச்சபையின் வேரில் மேலைத் திருச்சபையின் கிளையை ஒட்டியது போன்ற அமைப்பு இது. உலகில் இதைப் போன்றதோர் கன்னியர் மடம் காண்பது அரிது.

பேராலயத்தை ஒட்டியே மடம் இருந்தது. உள்மடத்துக் கன்னியர் என்பதால் அவர்கள் வெளியே நடமாடுவதில்லை. ‘செபமும் உழைப்பும்’ என்ற பழைய நெறியின்படி மணியடித்தால் செபம், மணியடித்தால் வேலை என்று நாள் நகரும். அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் மடத்தில் சேரும் பெண் ஒரு தொகையைக் கொண்டுவருவது வழக்கம். மகளை அனுப்பும் வணிகக் குடும்பம் கூடவே தன் ஆதரவையும் அனுப்பியது. ஆகவே மடத்தின் கதை அவ்வூர்க் குடும்பங்களின் கதையே. யாருடைய அத்தையோ, யாருடைய அக்காவோ அங்கே செபித்துக்கொண்டிருந்தார்.

பள்ளி காத்த மடம்

1772ல் போலந்து நாட்டை அண்டை அரசுகள் பங்கு போட்டபோது லிவிவ் ஆஸ்திரியாவின் கைக்குப் போயிற்று. ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் யோசேப்பு கத்தோலிக்கரே. ஆனால் செபிப்பது மட்டுமே தொழிலாக உள்ள மடங்களால் நாட்டுக்குப் பயனில்லை என்பது அவர் எண்ணம். 1782 முதல் அவருடைய ஆணையால் நூற்றுக்கணக்கான மடங்கள் மூடப்பட்டன. நோயாளரைப் பேணும் மடங்களும், பிள்ளைகளுக்குக் கல்வி தரும் மடங்களும் மட்டும் தப்பின.

ஆர்மீனியக் கன்னியர் என்ன செய்தனர்? பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தனர், மடம் பிழைத்தது. நெருக்கடியில் கைக்கொண்ட பணியே பின்பு அவர்களுடைய பெருமையாயிற்று. ஆர்மீனியக் குடும்பங்களின் பெண்கள் மட்டுமன்றி நகரத்தின் பிற குடும்பப் பெண்களும் அங்கே படித்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும், இருபதாம் நூற்றாண்டிலும் அப்பள்ளி நடந்தது.

இதற்குள் லிவிவ் ஆர்மீனியரின் பேச்சு மீண்டும் மாறிவிட்டது. கிப்சாக் மொழி மறைந்து போலந்து மொழி வந்தது. பெயரும் உடையும் பழக்கமும் போலந்து மக்களுடையவை ஆயின. கலப்பு மணங்கள் பெருகின. தொகையும் சுருங்கி, 1939 அளவில் மறைமாவட்டம் முழுவதிலும் ஏறத்தாழ ஐயாயிரம் பேரே இருந்தனர். ‘நாங்கள் ஆர்மீனியர்’ என்று அவர்கள் சொல்லிக்கொள்ள எஞ்சியிருந்தது எது? மொழியன்று, நாடன்று, ரீத்து ஒன்றுதான். பேராலயத்துப் பீடமும், அதை ஒட்டிய கன்னியர் மடமும், பிள்ளைகளுக்கு மூதாதையரின் புனிதர்களைச் சொல்லிக்கொடுத்த அப்பள்ளியும்தான்.

லிவிவ் நகருக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1808 முதல் அங்கே மூன்று கத்தோலிக்கப் பேராயர்கள் இருந்தனர். லத்தீன் ரீத்துக்கு ஒருவர், உக்ரைனியரின் கிரேக்க ரீத்துக்கு ஒருவர், ஆர்மீனிய ரீத்துக்கு ஒருவர். லத்தீன், சீரோ-மலபார், சீரோ-மலங்கரா என மூன்று ரீத்துக்களைக் கேரளத்திலும் குமரி மாவட்டத்திலும் பார்த்துப் பழகிய நமக்கு இது எளிதில் விளங்கும்.

அந்த வரிசையில் கடைசி ஆர்மீனியப் பேராயர் யோசேப்பு தெயோதொரோவிச். பெரும் மறையுரையாளர். அவர் காலத்தில் பழுதுற்றிருந்த பேராலயம் புதுப்பொலிவு பெற்றது. யோசேப்பு மெகோபர் என்ற ஓவியர் கூரைக் கும்மட்டத்தில் தமத்திரித்துவத்தின் கற்பதிப்பு ஓவியம் அமைத்தார். யான் ஹென்றிக் ரோசன் 1925 முதல் 1929 வரை சுவர்களில் ஓவியங்கள் தீட்டினார். அவற்றுள் ஒன்று புனித ஓதிலோவின் அடக்கம். சகல ஆத்துமாக்களின் திருநாளை நவம்பர் 2ல் கொண்டாடத் தொடங்கி வைத்த ஆசீர்வாதப்பர் சபை மடாதிபதி அவர். அவருடைய உடலைத் துறவியர் சுமந்து செல்ல, இறந்துபோன சகோதரரின் நிழலுருவங்களும் கூடவே நடக்கின்றன. இருப்பவரும் இறந்தவரும் ஒரே பவனியில்! இன்று அப்படத்தைப் பார்ப்பவர்களுக்கு அது பக்கத்து மடத்தின் கதையாகவே தோன்றும்.

இருண்ட ஆண்டுகள்

பேராயர் தெயோதொரோவிச் 1938 டிசம்பரில் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பின் அவ்விருக்கைக்கு இன்றுவரை ஆயர் நியமிக்கப்படவில்லை. பத்து மாதங்களுக்குள் இரண்டாம் உலகப் போர் மூண்டு, 1939 செப்டம்பரில் சோவியத் படை லிவிவில் நுழைந்தது. கோவில் பள்ளிகள் எல்லாம் அரசுடைமை ஆயின. மடத்தைக் காத்த பள்ளி அத்துடன் முடிந்தது. 1941ல் ஜெர்மானிய நாசிப் படை. 1944ல் மீண்டும் சோவியத் படை.

மறைமாவட்டத்தைப் பொறுப்பாளராக இருந்து நடத்தியவர் அருட்தந்தை தியோனீசியுஸ் கயத்தானோவிச். 1945 நவம்பரில் அவரைக் கைது செய்தனர். குருக்கள் பலரும் சிறை சென்றனர். கயத்தானோவிச் வடதுருவ வட்டத்தை ஒட்டிய அபெஸ் என்ற கைதி முகாமில் 1954ல் உயிர் நீத்தார். பேராலயம் பூட்டப்பட்டது; பின்பு அருங்காட்சியகத்தின் சரக்கறையாக மாறியது. மற்ற ஆலயங்களிலிருந்து எடுத்த திரு உருவங்களை அங்கே அடுக்கி வைத்தனர். பீடம் இருந்தது, பலி இல்லை.

குரு இல்லை, பள்ளி இல்லை, பங்கு இல்லை. எல்லைகளை மாற்றி வரைந்த வல்லரசுகள் மக்களையும் இடம் மாற்றின. லிவிவில் இருந்த போலந்து மக்கள் மேற்கே அனுப்பப்பட்டனர். அவர்களோடு ஆர்மீனியக் கத்தோலிக்கரும் போயினர். 1946ல் கன்னியரும் புறப்பட்டனர். வாழ்நாள் முழுவதும் மடத்து வாசலைத் தாண்டாத மூதாட்டிகள், கையில் எடுக்க முடிந்ததை எடுத்துக்கொண்டு புகைவண்டி ஏறினார்கள். ஆனியிலிருந்து புறப்பட்ட அவர்களுடைய முன்னோரின் பயணம் ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் மீண்டும் தொடங்கியது.

போலந்தில் அவர்கள் கடைசியாகத் தங்கியது சைலீசியப் பகுதியைச் சேர்ந்த வொவூவ் என்ற சிற்றூரில். மக்கள் நாடெங்கும் சிதறிப் போனதால் புதிதாகச் சேர ஆர்மீனியப் பெண்கள் இல்லை. ஒருவர் பின் ஒருவராகக் கண்மூடினர். கடைசி ஆர்மீனியக் கன்னியரும் மறைந்தபின் மடம் லத்தீன் ரீத்து ஆசீர்வாதப்பர் சபையோடு கரைந்தது. யாரும் மடத்தை இடிக்கவில்லை. யாரும் கன்னியரைக் கொல்லவில்லை. எண்ணெய் ஊற்றுவார் இல்லாமல் விளக்கு அணைந்தது.

எது இழப்பு?

‘அதனால் என்ன, சாமி? லத்தீன் ரீத்தும் கத்தோலிக்கம்தானே? விசுவாசம் போகவில்லையே!’ என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்தக் கன்னியர் ஒரே விசுவாசத்தில் இறந்தார்கள். ஒரே நற்கருணையை உண்டார்கள். அவர்கள் மீட்புக்கு ஒரு குறையும் இல்லை. ஆயினும் திருச்சபைக்கு இழப்பு உண்டு. ஒரு மக்கள் பதினேழு நூற்றாண்டுகளாக இறைவனைப் புகழ்ந்த ஒரு குரல் அந்த ஊரில் அடங்கிவிட்டது. பாடகர் குழுவில் ஒரு குரல் நின்றாலும் பாட்டு தொடரலாம். ஆனால் அது முன்பிருந்த பாட்டு அன்று.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் இதை நன்கு உணர்ந்தது. 1964 நவம்பர் 21ல் வெளியான கீழைத் திருச்சபைகள் பற்றிய ஏட்டில், கீழை ரீத்தினர் எங்கே வாழ்ந்தாலும் தங்கள் முறைமையைக் காக்க வேண்டும் என்றும், அதிலிருந்து வழுவியிருந்தால் மூதாதையரின் மரபுக்குத் திரும்ப முயல வேண்டும் என்றும் சங்கத் தந்தையர் பணித்தனர். லிவிவின் கன்னியருக்கு அந்தச் சொல் காலம் கடந்தே வந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே அவர்கள் வேரோடு பெயர்க்கப்பட்டிருந்தனர்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. 1630ல் அரசின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றிப்பு வந்தது. 1945ல் வேறோர் அரசின் கை அதைப் பறித்தது. அரசு தந்ததை அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் பேராலயத்து நிழலில் யாரும் கட்டளையிடாமல் செபிக்கத் தொடங்கிய அந்தப் பெண்கள் தந்ததை எந்த அரசும் எடுக்க முடியவில்லை. அவர்கள் பள்ளியில் படித்த பெண்கள் தாய்மாராகி, போலந்தின் மூலைமுடுக்குகளில் தங்கள் பிள்ளைகளிடம் ‘நாம் ஆர்மீனியர்’ என்று சொல்லி வளர்த்தார்கள். சிதறிய மக்கள் தங்கள் மாதா படங்களைச் சுமந்து சென்றனர். ஸ்தானிஸ்வாவூவ் நகரின் மாதா படம் இன்று கடற்கரை நகரமான கதான்ஸ்கில் இருக்கிறது. விசியெத்ஸ் ஊரின் மாதா படம் கிலிவீத்சேயில் இருக்கிறது. அப்படங்களைச் சுற்றி ஆர்மீனியக் கத்தோலிக்கர் இன்றும் கூடுகிறார்கள்.

இன்னொரு செய்தியும் நெஞ்சைத் தொடும். 1198-99ல் கிலிக்கியா நாட்டில் எழுதப்பட்ட அழகிய நற்செய்திப் பிரதி ஒன்று லிவிவ் பேராலயத்தின் கருவூலத்தில் இருந்தது. போரில் அழிந்தது என்றே உலகம் எண்ணியது. 1993ல் போலந்தின் க்னியெஸ்னோ நகரில் அது வெளிப்பட்டது! இறைவனின் கணக்கில் தொலைந்தது என்று நாம் எழுதுவது எல்லாம் தொலைந்தது அன்று.

லிவிவ் பேராலயத்திலும் மீண்டும் பலி நடக்கிறது. அது ஆர்மீனிய அப்போஸ்தலிக்கத் திருச்சபையாரின் கையில் உள்ளது. 1630ல் பிரிந்த இரு தரப்பாரில் மற்றத் தரப்பார் அவர்கள். இதைக் கண்டு நாம் மனம் கசக்கலாகாது. கதவு திறந்து மெழுகுதிரி எரிகிறதே என்று மகிழ்வதே கிறிஸ்தவப் பண்பு. 2022 மார்ச்சில், உக்ரைனில் போர் நடந்துகொண்டிருந்தபோது, குண்டுக்குத் தப்புவிக்க அவ்வாலயத்தின் பழைய மரச் சுரூபமான பாடுபட்ட கிறிஸ்துவை ஆட்கள் தூக்கிச் சென்ற படம் உலகப் பத்திரிகைகளில் வந்தது. ஆண்டவரே மீண்டும் அகதியானார்.

அன்பார்ந்த பங்கு மக்களே!

மடம் மறைந்ததற்குக் காரணம் போர் மட்டும் அன்று. பின்தொடர்ந்து வரப் பிள்ளைகள் இல்லாமையே. நமது பங்கில் இறையழைத்தலுக்குப் பிள்ளைகளைத் தரும் குடும்பங்கள் குறைந்துவருவதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நம் சகோதரிகள் பள்ளியில் கற்பிக்கிறார்கள், நோயாளரைச் சந்திக்கிறார்கள், ஞாயிறு மறைக்கல்வி நடத்துகிறார்கள். நாளை அவர்களிடத்தில் யார் நிற்பார்? ‘வேறு வீட்டுப் பெண் போகட்டும்’ என்று எல்லா வீடும் சொன்னால் மடம் எப்படி நிலைக்கும்?

வீட்டில் மாலைச் செபம் சொல்லிக்கொடுப்பவர் யார்? பெரும்பாலும் தாய், பாட்டி, அத்தை. முன்னோர் பாடிய பாசப் பாட்டும், மாதா மன்றாட்டும், தவக்காலப் புலம்பலும் அவர்கள் நாவில்தான் உயிர் வாழ்கின்றன. அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள். தெரிந்த பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள். லிவிவின் பள்ளி செய்த வேலை அதுவே. கோவிலைக் கட்டுவது ஒரு தலைமுறையின் வேலை. அதைக் காப்பது எல்லாத் தலைமுறையின் வேலை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வரும் நவம்பர் 2ல் கல்லறைத் தோட்டத்தில் உங்கள் வீட்டாருக்காக மெழுகுதிரி ஏற்றும்போது, பெயர் சொல்ல உறவினர் இல்லாத அந்த ஆர்மீனியக் கன்னியருக்காகவும் ஒன்று ஏற்றுங்கள். அவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். ஒரே தாய்த் திருச்சபையின் பிள்ளைகள். நமக்கு மூத்த சகோதரிகள்.

நித்திய இளைப்பாற்றியை அவர்களுக்கு அளித்தருளும் ஆண்டவரே!